கணவரின் பழைய பி60, மகனின் பள்ளிக்கூடம்: ஒரு யூனிவேர்சல் கிரெடிட் வழக்கின் நிகழ்வு ஆய்வு

குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கு பிரித்தானிய அரசு கொடுக்கும் உதவிப் பணமான யூனிவேர்சல் கிரெடிட் மறுக்கப்பட்ட இந்த வழக்கு, 2023 மார்ச்சில் லண்டனில் எங்கள் ஆலோசனை மேசைக்கு வந்தது. சம்பந்தப்பட்ட பெண்ணின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடியவற்றை விட்டுவிட்டேன். என் பக்கத்துப் பிழையை மட்டும் விடவில்லை.

பின்னணி

அவர் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். பத்து வயதில் பெற்றோருடன் பாரிஸுக்குப் போய், லா கூர்னெவ் பக்கம் வளர்ந்து, பிரெஞ்சுக் குடியுரிமை எடுத்தவர். கணவரும் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள தமிழர்தான். 2019 ஒக்டோபரில் மூன்று வயது மகனோடு லண்டன் வந்தார்கள். பிள்ளை ஆங்கிலத்தில் படிக்க வேண்டும், கோயிலும் தமிழ்ப் பள்ளிக்கூடமும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதே காரணம். பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்து, டென்மார்க் என்று அகதிகளாகப் போய்க் குடியுரிமை பெற்ற நம்மவர்கள் பலர் இதே காரணத்தைச் சொல்லி இங்கே மாறி வந்தவர்கள். பிரெக்சிட் வருவதற்குள் வந்துவிட வேண்டும் என்ற அவசரமும் அப்போது இருந்தது.

கணவருக்கு அந்த நவம்பரிலேயே ஒரு மொத்த வியாபாரக் களஞ்சியத்தில் வேலை கிடைத்தது. வரி பிடித்து, சம்பளத் துண்டு கொடுத்து, ஒழுங்காக நடந்த வேலை. 2021 ஜூலை வரை அங்கே இருந்தார். அதன் பிறகு கையில் காசு வாங்கும் வேலைகள்தான். 2020 மே மாதத்தில் மகள் பிறந்தாள். ஜூனில் குடும்பத்துக்கு பிரீ-செட்டில்ட் ஸ்டேட்டஸ், அதாவது பிரெக்சிட்டுக்குப் பிறகும் இங்கே இருக்க ஐரோப்பியருக்குக் கொடுக்கும் தற்காலிக நிலை, வந்தது. செப்டம்பரில் மகன், இங்கே பள்ளிக்கூடத்தின் முதல் வகுப்பான ரிசெப்ஷனில் சேர்ந்தான்.

2021 நவம்பரில் இவருக்கும் ஒரு சின்ன வேலை வந்தது. பள்ளிக்கூடம் ஒன்றில் மத்தியான இடைவேளையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை: வாரம் எட்டு மணித்தியாலம், கிட்டத்தட்ட 80 பவுண்ஸ். 2022 ஜூலையோடு ஒப்பந்தம் முடிந்தது. ஒக்டோபரில் கணவர் பிரான்ஸுக்குத் திரும்பிப் போனார். முதல் இரண்டு மாதம் காசு அனுப்பினார், பிறகு போன் எடுப்பதையும் விட்டுவிட்டார்.

மறுப்புக் கடிதம்

2023 பெப்ரவரி 6 அன்று யூனிவேர்சல் கிரெடிட்டுக்கு விண்ணப்பித்தார். இரண்டு கிழமை கழித்து நேர்முகம் நடந்தது. பிரெஞ்சும் தமிழும் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு, ஆங்கிலம் கடைவரைக்கும்தான். போனில் மொழிபெயர்ப்பாளர் வைத்துக் கேட்டார்கள். ஏன் இங்கிலாந்துக்கு வந்தீர்கள் என்று கேட்டபோது, பிள்ளைகளின் படிப்புக்கு என்றார். இப்போது என்ன செய்கிறீர்கள் என்றதற்கு, வேலை தேடுகிறேன் என்றார். இரண்டும் உண்மைதான். ஆனால் அந்த இரண்டாவது பதில்தான் கோப்பில் ஏறியது. மார்ச் 1 திகதியிட்ட கடிதத்தில் "வேலை தேடுபவர் என்ற வதிவிட உரிமை மட்டுமே உண்டு, ஆகவே தகுதி இல்லை" என்ற பொருளில் மறுத்திருந்தார்கள்.

மார்ச் 14 அன்று எங்களிடம் வந்தார். மகள் மடியில், கடிதம் கைப்பையில். முதலில் அவர் சொன்னது இதுதான்: "அக்கா, எனக்குத் தெரிஞ்ச எல்லாருக்கும் பிரீ-செட்டில்ட்டோட காசு வருது. எனக்கு மட்டும் ஏன் இல்லை?"

சட்டம் எங்கே நிற்கிறது

ஐரோப்பியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் எந்த உறுப்பு நாட்டுக்கும் போகலாம் என்பதும், போன நாட்டின் கொடுப்பனவுகளை எடுக்கலாம் என்பதும் ஒன்றல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004/38 இலக்கப் பணிப்புரைப்படி முதல் மூன்று மாதம் யாரும் இருக்கலாம். அதற்குப் பிறகு வேலை செய்பவராக, சுயதொழில் செய்பவராக, மாணவராக, அல்லது தன் காசில் வாழக்கூடியவராக இருக்க வேண்டும். அப்படி ஐந்து வருடம் கழிந்தால் நிரந்தர உரிமை. இந்த வகைகள் ஒன்றிலும் அடங்காதவருக்கு உதவிப் பணத்தை மறுக்கலாம் என்று, ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வாழ்ந்த ரொமேனியத் தாய் ஒருவரின் வழக்கில், ஐரோப்பிய நீதிமன்றம் 2014 நவம்பரில் சொல்லிவிட்டது. அதுதான் டானோ வழக்கு. பிரித்தானியா அதற்குப் பத்து வருடம் முன்னரே, 2004 மே மாதத்தில், கிழக்கு ஐரோப்பிய நாடுகள் ஒன்றியத்தில் சேர்ந்த அன்றே, வதிவிட உரிமைச் சோதனையைக் கொண்டுவந்திருந்தது.

பிரெக்சிட்டுக்குப் பிறகு இதன் மேல் இன்னொரு படை ஏறியது. 2020 டிசம்பர் 31க்கு முன் வந்து ஐந்து வருடம் முடித்தவருக்கு செட்டில்ட் என்ற நிரந்தர நிலை, முடிக்காதவருக்கு பிரீ-செட்டில்ட். செட்டில்ட் இருந்தால் கேள்வியே இல்லை. பிரீ-செட்டில்ட் இருந்தால் நாட்டில் இருக்கலாம், வேலை செய்யலாம், ஆனால் யூனிவேர்சல் கிரெடிட்டுக்கு அது மட்டும் காணாது. பழைய ஐரோப்பியச் சட்டத்தின் கீழ் இன்னொரு வதிவிட உரிமையையும் காட்ட வேண்டும். வேலை தேடுபவர் என்ற உரிமை இருக்கிறதே என்றால், யூனிவேர்சல் கிரெடிட் விதிகள் அதைப் பெயர் சொல்லியே விலக்கியிருக்கின்றன. அவருக்குத் தெரிந்த எல்லாருக்கும் காசு வந்தது பிரீ-செட்டில்ட்டால் அல்ல. அவர்கள் வேலையிலும் இருந்தார்கள்.

முதல் முடிவும் அதில் நடந்த பிழையும்

மறுபரிசீலனை கேட்க ஒரு மாதம்தான் தவணை. நான் அன்று எடுத்த முடிவு, அவருடைய சொந்த வேலையை வைத்து வாதாடுவது. வேலையை இழந்தவர் சில நிபந்தனைகளின் கீழ் தொழிலாளர் என்ற நிலையைத் தக்கவைத்துக்கொள்ளலாம். எட்டு மணித்தியால வேலையும் உண்மையான வேலைதான், சம்பளம் குறைவு என்பதற்காகத் தள்ளிவிட முடியாது என்று 1982இன் லெவின் வழக்கையும் 1986இன் கெம்ப் வழக்கையும் காட்டி மூன்று பக்கம் எழுதினேன். மார்ச் 24 அன்று அனுப்பினோம்.

மே 15 அன்று மறுபடியும் மறுப்பு வந்தது. இரண்டு காரணங்கள். வாரம் 80 பவுண்ஸ் வேலை அற்பமானது என்பது முதலாவது. அவர் வேலை தொடங்கிய 2021-22 வரி வருடத்தில் அவர்கள் வைத்திருந்த குறைந்த வருமான வரம்பு வாரத்துக்கு 184 பவுண்ஸ். வரம்புக்குக் கீழே என்றால் வேலையின் தன்மையை முழுதாகப் பார்க்க வேண்டும் என்பதுதான் விதி, பார்த்ததாகத் தெரியவில்லை. இரண்டாவது காரணம் வலுவானது: ஜூலையில் வேலை போனவர் பெப்ரவரி வரை வேலை தேடுபவராக எங்கும் பதியவில்லை. அந்த ஏழு மாத இடைவெளியை மூட என்னிடம் ஒன்றும் இல்லை. கடிதத்தை வாசித்தபோது அதை எழுதியவர் மேல் கோபம் வரவில்லை. அவர் சொன்னது சரி.

என் பிழை கடிதத்தில் இல்லை, முதல் சந்திப்பில் இருந்தது. எங்கள் படிவத்தில் முதல் கேள்வி "இப்போது வேலை செய்கிறீர்களா?" அடுத்தது "கடைசியாக எப்போது வேலை செய்தீர்கள்?" அதற்குக் கீழே துணைவர் பற்றிய ஒரு பகுதி இருந்தது. கணவர் பெயரைச் சொன்னதும் அவர் அழத் தொடங்கிவிட்டார். எதற்குக் கிளற வேண்டும், அவர்தான் நாட்டிலேயே இல்லையே என்று நினைத்து, அந்தப் பகுதியில் ஒரு கோடு போட்டுவிட்டுப் பக்கத்தைத் திருப்பினேன். நம்மவர்களோடு கதைக்கும்போது இப்படி ஒரு தயக்கம் எனக்கு எப்போதும் உண்டு. அன்றைக்கு அது ஒரு குடும்பத்துக்கு இரண்டு மாதத்தைத் தின்றது.

சிவப்புப் புத்தகத்துக்குள் இருந்த தாள்

மே கடைசியில் மேன்முறையீட்டுக்குக் கடதாசிகள் சேர்க்க வந்தார். மகளின் தடுப்பூசி விவரங்கள் உள்ள சிவப்புப் புத்தகத்தை, பிள்ளை இங்கே பிறந்ததற்கு அத்தாட்சியாக, கொண்டுவரச் சொல்லியிருந்தேன். விரித்தபோது நாலாக மடித்த ஒரு தாள் விழுந்தது. கணவரின் பி60, அதாவது வருடச் சம்பளத்தையும் பிடித்த வரியையும் காட்டி முதலாளி கொடுக்கும் தாள், 2021 ஏப்ரலில் முடிந்த வரி வருடத்துக்கானது. பின்பக்கத்தில் கணவரின் கையெழுத்தில் ஒரு பொங்கல் சாமான் பட்டியல்: பச்சரிசி, பயறு, கரும்பு இரண்டு, வெல்லம் என்று எழுதி அதை வெட்டிச் சர்க்கரை.

"இது தேவையில்லைத்தானே அக்கா," என்று அவர் அதை மடித்து உள்ளே வைக்கப் போனார்.

அதைக் கையில் வாங்கியபோதுதான் எனக்கு இப்ராகிம் வழக்கு நினைவுக்கு வந்தது. வந்தது வெட்கத்தோடுதான். ஏனென்றால் அந்த வழக்கை நான் மற்றவர்களுக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன்.

அந்த வழக்கின் கதை இது. சோமாலியப் பெண் ஒருவர். கணவர் டென்மார்க் குடியுரிமை உள்ளவர். அவர் பிரித்தானியாவில் 2002 ஒக்டோபர் முதல் 2003 மே வரை வேலை செய்தார். 2004இல் நாட்டை விட்டுப் போனார். மனைவியும் பிள்ளைகளும் இங்கேயே இருந்தார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். தாய் வீட்டு வசதிக்கான உதவி கேட்டார், மறுக்கப்பட்டது. 2010 பெப்ரவரி 23 அன்று ஐரோப்பிய நீதிமன்றம், அதே நாளில் தீர்த்த டெய்ஷேரா வழக்கோடு சேர்த்துச் சொன்னது: ஒன்றியக் குடிமகன் ஒருவர் இன்னொரு நாட்டில் வேலை செய்த காலத்தில் அவருடைய பிள்ளை அங்கே வாழ்ந்து, பள்ளிக்கூடத்திலும் சேர்ந்தால், அந்தப் பிள்ளைக்கு அங்கே படிக்கும் உரிமை உண்டு. பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் தாய்க்கோ தகப்பனுக்கோ கூடவே வதிவிட உரிமை உண்டு. சொந்தக் காசு இருக்க வேண்டியதில்லை. வேலை செய்தவர் இப்போது வேலையில் இருக்க வேண்டியதுமில்லை, நாட்டில் இருக்க வேண்டியதுமில்லை. இப்போது 492/2011 இலக்க ஒழுங்குவிதியின் பத்தாம் உறுப்புரையில் இருக்கும் இந்த உரிமையை, விலகல் ஒப்பந்தம் பிரெக்சிட்டுக்குப் பிறகும் காப்பாற்றி வைத்திருக்கிறது.

தமிழில் சொன்னால் இது இறந்தகால உரிமை. "செய்கிறார்" என்பது வேண்டாம், "செய்தார்" போதும். எங்கள் படிவமோ நிகழ்காலத்தில் தொடங்கி, இறந்தகாலத்தை விண்ணப்பிப்பவரிடம் மட்டும் கேட்டது.

இதில் இன்னும் ஒன்று. தாய் செய்த அந்த எட்டு மணித்தியால வேலைகூட, உண்மையான வேலை என்று ஏற்கப்பட்டால், இந்த உரிமையைத் தன்னளவில் தந்திருக்கும். ஏழு மாத இடைவெளி இங்கே ஒரு பொருட்டே அல்ல. நான் சரியான வேலையைத் தவறான கதவில் கொண்டுபோய்த் தட்டியிருந்தேன்.

மேன்முறையீடு: எதை முன்னே வைப்பது

ஜூன் 2 அன்று தீர்ப்பாயத்துக்கு மேன்முறையீடு போட்டோம். என்ன வரிசையில் வாதங்களை வைப்பது என்பதில் எங்களுக்குள் ஒரு நாள் முழுக்க விவாதம் நடந்தது.

கையில் இன்னொரு பெரிய வாதம் இருந்தது. 2021 ஜூலை 15 அன்று வட அயர்லாந்திலிருந்து போன வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம், பிரீ-செட்டில்ட் உள்ளவருக்குக் கொடுப்பனவை மறுக்கலாம், ஆனால் அந்த மறுப்பால் அவரும் பிள்ளைகளும் மனிதக் கண்ணியத்தோடு வாழ முடியாமல் போகுமா என்று முதலில் பார்க்க வேண்டும் என்றது. பெண்கள் பாதுகாப்பு இல்லத்தில் தங்கியிருந்த ரொமேனியத் தாய் ஒருவரின் வழக்கில், 2020க்குப் பிறகும் அந்தக் கடமை உண்டு என்று இங்குள்ள மேல் தீர்ப்பாயம் 2022 டிசம்பரில் ஏற்றது. அரசு அதை எதிர்த்து மேன்முறையீட்டு நீதிமன்றம் போயிருந்தது. எங்களிடம் வந்த தாய்க்கு அந்த வாதம் அப்படியே பொருந்தியது: ஒரே அறையில் மூன்று பேர், கையில் காசில்லை.

சக ஆலோசகர் ஒருவர் அதையே முன்னே வைக்கச் சொன்னார். நான் மறுத்தேன். அந்த வாதத்தில் தொங்கும் வழக்கு, மேல் நீதிமன்றங்கள் முடிவு சொல்லும்வரை நிறுத்தி வைக்கப்படும் ஆபத்து இருந்தது. பத்தாம் உறுப்புரை வாதமோ பதின்மூன்று வருடத்துக்கு முன்பே இப்ராகிம் வழக்கில் தீர்ந்தது, அதில் காத்திருக்க ஒன்றுமில்லை. ஆகவே கணவரின் வேலை முதலில், தாயின் வேலை இரண்டாவது, கண்ணிய வாதம் கடைசியில், "முதல் இரண்டும் தோற்றால் மட்டும்" என்று தெளிவாக எழுதி வைத்தோம்.

அத்தாட்சிக்கு மூன்று கடதாசிகள். மகன் 2020 செப்டம்பரில் ரிசெப்ஷனில் சேர்ந்து இன்றுவரை படிக்கிறான் என்ற பள்ளிக்கூடக் கடிதம். நர்சரியாக இருந்திருந்தால் கணக்கில் வந்திருக்காது, ரிசெப்ஷன் வரும். பிறகு பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ். கடைசியில் அந்த பி60. ஒரு வருடத்துத் தாள்தான் இருந்தது, மற்றச் சம்பளத் துண்டுகள் கணவரோடு போய்விட்டன. பி60இல் இருந்த நாஷனல் இன்சூரன்ஸ் இலக்கத்தைக் குறிப்பிட்டு, மற்ற மாதங்களின் விவரம் அரசின் வரிப் பதிவிலேயே இருக்கிறது, அதைப் பார்க்கும் வசதி யூனிவேர்சல் கிரெடிட் கொடுக்கும் துறைக்குத்தான் உண்டு, எங்களுக்கு இல்லை என்று எழுதினோம். துறையிடம் இருக்கும் தகவலைத் துறைதான் தேட வேண்டும் என்ற கருத்தில், அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை 2004இல் கெர் வழக்கில் சொன்னதைத் துணைக்கு வைத்தோம். கணவர் எங்கே, ஏன் போனார் என்பதைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. சட்டம் அதைக் கேட்கவில்லை.

காத்திருந்த மாதங்கள்

இந்தக் காலத்தில் வீட்டில் நடந்ததையும் எழுதாவிட்டால் இது வெறும் சட்டக் கதையாகிவிடும். அறை வாடகை மூன்று மாதம் நிலுவை. இரண்டு காப்பும் தாலிக்கொடியும் அடகுக்குப் போயின. உணவு வங்கிப் பொதியில் வந்த டின் பீன்ஸை மிளகாய்த்தூள் போட்டுக் கறியாக்கினேன் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். பிள்ளைகள் உள்ள குடும்பம் என்பதால் 1989இன் சிறுவர் சட்டத்தின் 17ஆம் பிரிவின் கீழ் உள்ளூராட்சி அலுவலகத்தில் உதவி கேட்டோம். அங்கே முதலில் சொன்ன யோசனை, பாரிஸுக்கு மூன்று டிக்கெட் எடுத்துத் தருகிறோம் என்பது.

அதை நாங்கள் உடனே தள்ளவில்லை. பிரான்ஸில் அவர் சொந்த நாட்டுக் குடிமகள். அங்கே வதிவிட உரிமைச் சோதனை இல்லை. உட்கார்ந்து இரண்டு பக்கத்தையும் எழுதிப் பார்த்தோம். தாய் வீட்டில் ஏற்கெனவே அண்ணன் குடும்பமும் சேர்த்து ஆறு பேர். மகனுக்குப் பிரெஞ்சு எழுத வராது. அப்போதைய விதிப்படி, ஆறு மாதத்துக்கு மேல் போய் இருந்தால் செட்டில்ட்டுக்கான ஐந்து வருடக் கணக்கு முறியும். முடிவு அவருடையது: "இருந்து பார்ப்பம் அக்கா." அதன் பிறகு அந்த அலுவலகம் வாரம் ஒரு சிறு தொகை கொடுத்தது.

முடிவு

செப்டம்பர் 11 அன்று, விசாரணைத் திகதி வருவதற்கு முன்னரே, துறை தன் முடிவைத் தானே மாற்றிக்கொண்டது. பத்தாம் உறுப்புரையின் கீழ் வதிவிட உரிமை ஏற்கப்பட்டது. பெப்ரவரி 6 முதல் கொடுப்பனவு. 2023 ஏப்ரலுக்குப் பிந்திய விகிதத்தில் தனித் தாய்க்கு மாதம் 368.74, மகனுக்கு 315, மகளுக்கு 269.58, மொத்தம் 953.32 பவுண்ஸ். ஏழு மாத நிலுவை ஒன்றாக வந்தது.

வாடகைப் பகுதி மட்டும் வரவில்லை. எழுத்தில் ஒப்பந்தம் கிடையாது, வீட்டுக்காரர் நம்மவர்தான். வாடகை வாங்குகிறேன் என்று ஒரு கடிதம் கொடுங்கள் அண்ணை என்று இவர் கேட்டால், பார்ப்பம் தங்கச்சி, பார்ப்பம் என்று இழுத்தார். வரிக்காரர் தேடி வந்துவிடுவார் என்ற பயம். நிலுவை வாடகையை முழுதாகக் கட்டிய பிறகுதான் கையெழுத்துப் போட்டார். நவம்பரில் அதுவும் வந்தது.

பிள்ளைகளுக்கென்று அரசு கொடுக்கும் சைல்ட் பெனிபிட் கணவரின் பெயரில் இருந்தது. எங்கள் சொல்லில் ஏப்ரலில் தன் பெயரில் விண்ணப்பித்தார். அதற்கும் வதிவிட உரிமை வேண்டும் என்பதால் செப்டம்பருக்குப் பிறகே வாரம் 24, 15.90 என்ற கணக்கில் வந்தது. மூன்று மாதத்துக்கு மேல் பின்திகதியிட முடியாது. கணவர் போனவுடனே யாராவது சொல்லியிருந்தால் அந்த மாதங்கள் தப்பியிருக்கும்.

2024 ஒக்டோபரில் ஐந்து வருடம் முடிந்தது. அந்த வருடக் கடைசியில் செட்டில்ட் கிடைத்தது. இப்போது பள்ளிக்கூடச் சமையலறை ஒன்றில் வாரம் 16 மணித்தியாலம் வேலை செய்கிறார். காப்பு இரண்டையும் மீட்டுவிட்டார். தாலிக்கொடியை மீட்கவில்லை, அதைப் பற்றி நான் கேட்கவும் இல்லை.

நாங்கள் மாற்றியவை

படிவத்தின் முதல் கேள்வி இப்போது இது: "பிள்ளையின் தாயோ தகப்பனோ, பிள்ளை இந்த நாட்டில் இருந்த காலத்தில், சம்பளத் துண்டோடு எப்போதாவது வேலை செய்தார்களா?" அழுகிறவரிடமும் கேட்கிறோம். தண்ணீர் கொடுத்து, ஏன் கேட்கிறோம் என்று சொல்லி, பிறகு கேட்கிறோம். நேர்முகத்துக்கு முன் வருபவர்களிடம், வேலை தேடுகிறேன் என்பதோடு நிறுத்தாமல், யார் எங்கே வேலை செய்தார்கள், பிள்ளை எந்த வகுப்பு என்பதையும் கேட்காமலே சொல்லிவிடச் சொல்கிறோம். மறுபரிசீலனைக் கடிதத்தில் பொருந்தக்கூடிய எல்லா உரிமைகளையும் முதல் தடவையிலேயே எழுதுகிறோம்.

எல்லாருக்கும் இந்தக் கதவு திறப்பதில்லை. 2023 நவம்பரில் இதே கதையோடு இன்னொரு தாய் வந்தார், நெதர்லாந்துப் பாஸ்போர்ட். புதிய கேள்வியைக் கேட்டேன். கணவர் டெலிவரி வான் ஓட்டினார், ஆனால் சுயதொழிலாக. பத்தாம் உறுப்புரை சம்பளத்துக்கு வேலை செய்தவரின் பிள்ளைக்கு மட்டும்தான் என்று 2012இல் சொப் வழக்கில் தீர்ந்துவிட்டது. அவருக்குக் கண்ணிய வாதத்தை மட்டுமே வைக்க முடிந்தது. மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்த மாதம்தான் அதை உறுதிசெய்திருந்தது. உச்ச நீதிமன்றம் அரசுக்கு மேலும் மேன்முறையீடு செய்ய அனுமதி மறுத்த 2024 பெப்ரவரி வரை அவருடைய கோப்பு அசையவில்லை.